யார் நடத்தினாலும் ஜெயித்திருக்குமா?

கேள்வி: 2013இல் ஜெர்மன் கால்பந்து கிளப் பேயர்ன் மியூனிக் லீக், ஜெர்மன் கோப்பை, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் என்று மூன்று கோப்பைகளை வென்றதற்காகப் பயிற்சியாளர் யூப் ஹைன்கஸைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். ராபன், ரிபெரி, லாம், ஷ்வைன்ஸ்டைகர் இருக்கிற அணியை யார் நடத்தினாலும் ஜெயிக்காதா? சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்த பிறகும் ரியல் மாட்ரிட் அவரை வீட்டுக்கு அனுப்பியதே, காரணம் இல்லாமலா?

பதில்: நீங்கள் சொல்லும் நால்வரும் 2012இலும் அதே அணியில்தான் இருந்தார்கள், பயிற்சியாளரும் ஹைன்கஸ்தான். கிடைத்தது என்ன? ஜெர்மன் லீக்கில் டார்ட்மண்ட் அணிக்குப் பின்னால் இரண்டாமிடம். ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தில் அதே டார்ட்மண்டிடம் 5-2 என்று உதை. சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் சொந்த மைதானத்தில். 83ஆவது நிமிடம் முல்லர் கோல் அடிக்கிறார், 88இல் செல்சீயின் ட்ரோக்பா சமன் செய்கிறார், கூடுதல் நேரத்தில் ராபன் பெனால்டியைக் கோட்டைவிடுகிறார், பெனால்டி ஷூட்டவுட்டில் கோப்பையும் போகிறது. ஆட்டக்காரர்கள் மட்டும் போதுமென்றால் அந்த வருடமே மூன்றும் வந்திருக்க வேண்டும்.

அடுத்த சீசனுக்கு 4 கோடி யூரோ கொடுத்து ஹாவி மார்ட்டினெஸை வாங்கினார்கள்; டான்டே, மஞ்சுகிச் வந்தார்கள். அது பணத்தால் ஆகிற காரியம். பணத்தால் ஆகாத ஒன்றும் நடந்தது. பந்து எதிரணியின் காலுக்குப் போன மறுகணமே ராபனும் ரிபெரியும் தங்கள் பக்கத் தடுப்பாளருக்குத் துணையாகப் பின்னால் ஓடினார்கள். இந்த இருவர் யார்? 2012 ஏப்ரலில், ரியல் மாட்ரிட்டுடனான அரையிறுதியின் இடைவேளையில், ஃப்ரீகிக்கை யார் அடிப்பது என்ற தகராறில் ரிபெரி ராபனைக் குத்தியே விட்டார். 13 மாதம் கழித்து வெம்ப்ளி மைதானம், டார்ட்மண்டுடன் இறுதியாட்டம், 89ஆவது நிமிடம். ரிபெரி குதிகாலால் தட்டிவிடுகிறார், ஓடிவந்து கோல் போடுபவர் ராபன். 2-1. இது தானாக நடந்ததென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நட்சத்திரங்களை இப்படிக் கட்டி மேய்ப்பது ஹைன்கஸுக்கும் ஆரம்பத்திலிருந்தே கைவந்த வித்தை இல்லை. 1994இல் ஃப்ராங்க்ஃபர்ட் அணியின் பயிற்சியாளராக யெபோவா, ஒகோச்சா, கௌடினோ என்ற மூன்று நட்சத்திரங்களோடு மோதினார், மூவரையும் சஸ்பெண்ட் செய்தார், அந்த சீசன் முடிவதற்குள் அவரே வெளியேறினார். அந்த மனிதர்தான் மியூனிக்கில் இரண்டு முன்கோபக்காரர்களை ஒரே வேலைக்குக் கட்டிப்போட்டார்.

மாட்ரிட் விஷயத்துக்கு வருகிறேன். 32 வருடம் ஏங்கிய ஐரோப்பியக் கோப்பையை 1998இல் யுவென்டஸை 1-0 என்று வென்று கொண்டுவந்தார். லீக்கில் நான்காமிடம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது அந்த நிர்வாகத்தின் அவசரத்துக்குச் சாட்சி, அவருடைய திறமையின்மைக்கு அல்ல. பேயர்னும் 1991இல் அவரை நீக்கியதுதான், அதுவும் 1989, 1990 என்று இரண்டு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த பிறகு. நீக்கிய பேயர்ன் நிர்வாகி ஊலி ஹோனெஸ் பின்னாளில் அதைத் தன் மிகப் பெரிய தவறு என்றார். 2009, 2011, 2017 என்று மூன்று முறை திரும்ப அழைத்ததும் அதே கிளப்தான்.

ஆட்டக்காரராகவும் அவர் சாதாரணப்பட்டவர் இல்லை, பன்டஸ்லிகா என்ற ஜெர்மன் லீக்கில் 369 ஆட்டங்களில் 220 கோல். 1978இல் தன் கடைசி லீக் ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்தார், அவருடைய அணியான மோன்ஷன்கிளாட்பாக் 12-0 என்று வென்றது. அப்படியும் கோல் வித்தியாசத்தில் லீக் பட்டம் கொலோன் அணிக்குப் போனது. எல்லாம் செய்தும் கிடைக்காமல் போவதன் வலி, 2012 தோல்விக்கு முன்பே அவருக்குப் பழக்கம்.

இன்னொன்று. 2013 ஜனவரியிலேயே, கோடையில் ஹைன்கஸுக்குப் பதிலாகக் கார்டியோலா பயிற்சியாளராக வருகிறார் என்று பேயர்ன் அறிவித்துவிட்டது. போகிற மனிதர்தானே என்று யார் வேண்டுமானாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். அதற்குப் பிறகுதான் பார்சிலோனாவை 4-0, 3-0 என்று இரண்டு முறை அடித்தார்கள். யார் நடத்தினாலும் அது நடந்திருக்கும் என்று இன்னமும் நினைத்தால் அந்த இரண்டு ஆட்டங்களையும் முழுதாகப் பாருங்கள். பந்து பார்சிலோனாவிடம் இருக்கும்போது ரிபெரி எங்கே நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.