பெர்மிட்டில் வந்தவர் சங்கத்தில் சேரலாமா? சுங்கை சிப்புட்டிலிருந்து கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பல ஆண்டுகள் தொழிற்சங்கக் கிளைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செம்பனைத் தோட்டங்களில் நம்மோடு பெர்மிட்டில், அதாவது தற்காலிக வேலை அனுமதியில், வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

ஐயா, பெர்மிட்டில் வந்தவர் சங்கத்தில் சேரவே முடியாது என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்கிறார். உண்மையா?

உண்மையில்லை. வேலை ஒப்பந்தத்தில் எதை எழுதினாலும் அது பதிவு பெற்ற சங்கத்தில் சேரும் உரிமையைத் தடுக்காது என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு கூறுகிறது. சங்கத்தின் நிர்வாகப் பொறுப்புகள் நெடுங்காலமாகக் குடிமக்களுக்கே ஒதுக்கப்பட்டு வந்தன. உங்கள் மண்டோர் அதையும் உறுப்பினராவதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.

வெளியாட்களால்தான் நம் சம்பளம் ஏறவில்லை. அவர்களைச் சங்கத்தில் ஏன் சேர்க்கவேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். கோபத்தின் காரணமும் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் தாத்தாக்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஆள்சேர்க்கும் கங்காணி அழைத்துவந்த அவர்களும் இந்த மண்ணுக்கு வெளியாட்கள்தாம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் அவர்கள் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம் வேண்டும், கள்ளுக்கடையை மூடவேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும் என்றார்கள். தோட்டத் துரையையோ அலுவலகக் கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. சம்பளத்தோடு மானத்தையும் ஒரே பட்டியலில் எழுதியவர்கள் அவர்கள். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, பட்டாளம் வந்து, துப்பாக்கிச் சூடும் நடந்தது. பின்னாளில் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியும் தமிழ்நாட்டில் பிறந்து இங்கு வந்தவரே. 1948 ஜூன் மாதம், நம் ஊர்ப்பக்கம் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டு நாடெங்கும் அவசரகாலம் வந்த அதே மாதத்தில், அந்தச் சம்மேளனம் சட்டத்திருத்தத்தால் முடக்கப்பட்டது. கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

சமச் சம்பளம் கேட்டுச் சூடு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், இன்று வந்திருப்பவனுக்குக் குறைந்த சம்பளம் போதும் என்று இருந்துவிட்டால், தோட்ட நிர்வாகம் நம்மைவிட அவனையே விரும்பும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அது இருவருக்கும் ஒன்றே. சங்கமும் நிர்வாகமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தமும் அப்படித்தான். அது கையெழுத்தானால் சந்தா கட்டாத தொழிலாளியையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். குலை வெட்டுபவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவராக உள்ள தோட்டத்தில், அவர்களை விட்டுவிட்டுச் சங்கம் எந்தப் பெரும்பான்மையைக் காட்டி ஒப்பந்தம் பேசும்?

சங்கத்தில் சேர்ந்தால் பெர்மிட்டை வெட்டிவிடுவோம் என்கிறார்கள். பாஸ்போர்ட்டும் ஆபீஸில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் கட்டுண்டு கிடப்பதால், வேலை போனால் நாட்டில் தங்கும் தகுதியும் போய்விடும். நம்மவருக்கு இல்லாத பயம் இது. ஒருமுறை ஒரு வங்காளதேசத் தம்பியிடம் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். கீறல் விழுந்த கைப்பேசியைத் துடைத்து, பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தின் மங்கலான படத்தைக் காட்டினார். மூன்று ஆண்டுகளாக அவரிடம் இருந்தது அந்தப் படம் மட்டுமே.

பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்குவதும் சட்டவிரோதம். நீக்கப்பட்டவர் 60 நாள்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்கவேண்டும். விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டால் அந்த மனு நடைமுறையில் செத்துவிடும். ஆகவே செய்தி காதில் விழுந்த அன்றே கிளைச் செயலாளர் அவரை அழைத்துக்கொண்டு இலாகாவுக்குப் புறப்படவேண்டும்.

மொழி தெரியாதவர்களிடம் எதைச் சொல்லித் தொடங்குவது, ஐயா?

சங்கத்தைப் பற்றிப் பேசித் தொடங்காதீர்கள், தம்பி. சம்பளச் சீட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். பேச்சுவழக்கு மலாயான பாசார் மலாயே போதும். அன்றன்று வெட்டிய குலைகளை அவர் தனியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வையான லெவியைச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2018 முதல் அதை முதலாளியே கட்டவேண்டும். வேலை விபத்துக்கு இழப்பீடு தரும் சொக்சோ பாதுகாப்பு 2019 முதல் அவருக்கும் உண்டு, 2025 அக்டோபர்ச் சம்பளத்திலிருந்து சேமநிதிக்கு இரு தரப்பும் 2 விழுக்காடு கட்டவேண்டும். தவறாகப் பிடித்த பணம் ஒருவருக்குத் திரும்பி வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய லயக் குடியிருப்பிலிருந்து நான்கு பேர் சீட்டோடு வருவார்கள். சந்தாப் புத்தகத்தை அன்றைக்கு எடுத்தால் போதும்.