ஒப்படைப்புப் பட்டியலின் 14-ஆம் வரி

கேள்வி: "எங்கள் அலுவலகத்தில் ஊழியர் நலக் குழு ஒன்றை அமைத்து, என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அன்றாட வேலை வாழ்க்கை மேம்பட என்ன செய்யலாம் என்று பரிந்துரை கேட்கிறார்கள். உங்கள் அனுபவத்தில் எது உண்மையில் பயன் தந்தது?"

உங்களை அந்தக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள் என்றால், கேட்ட வேலையை மறுக்கத் தெரியாதவர் என்று உங்களுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கும். முதல் கூட்டம் முடிவதற்குள் மூச்சுப்பயிற்சி வகுப்பையும் மனநலச் செயலியையும் யாரோ ஒருவர் முன்மொழிந்திருப்பார், மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள். என் ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அலுவலக வேலையில் இருக்கிறேன். அவற்றில் கடைசி எட்டு ஆண்டுகள், பல நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் 11 பேர் கொண்ட பிரிவுக்குத் தலைவனாக இருந்து வருகிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியாமல் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இந்த விஷயத்தில் நான் பாதிக்கப்பட்டவன் என்பதைவிட, பாதிப்பை உண்டாக்கியவன் என்பதுதான்.

சம்பளப் பட்டியல் வேலை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதத்தில் மூன்று வாரங்கள் ஓரளவு நிதானமாக நகரும். கடைசி ஏழெட்டு நாட்களில் மூச்சுவிட நேரமிருக்காது. வருகைப் பதிவு, விடுப்புக் கணக்கு, புதிதாகச் சேர்ந்தவர்கள், விலகியவர்கள், பிடித்தங்கள் எல்லாம் கட்-ஆஃப் தேதிக்குள் எங்கள் கைக்கு வந்துசேர வேண்டும் என்பது விதி. வராது என்பது நடைமுறை. வங்கிக்குக் கோப்பை அனுப்பும் நேரம் வரை திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். ஓர் எண் தவறினால் எங்கோ ஒருவருக்குச் சம்பளம் குறையும். ஆகவே எங்கள் பதற்றம் முழுக்க நாங்களே கற்பித்துக்கொண்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எனக்கு எல்லாம் நினைவுக்கு வருவது இரவில்தான். படுக்கப் போகும் நேரத்தில், இன்ன நிறுவனத்தின் நிலுவைத் தொகை சேர்ந்ததா, இன்னாருடைய கணக்கு எண் மாறியதே, அது பதிவானதா என்று ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். உடனே வாட்ஸ்அப்பில் தட்டி, உரியவருக்கு அனுப்பிவிடுவேன். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் "அவசரம் இல்லை, மறந்துவிடக் கூடாது என்பதற்காக" என்று மறக்காமல் சேர்ப்பேன். அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். யாரையும் இரவில் வேலை செய்யச் சொல்லவில்லை என்று அப்போது மனதார நம்பியிருந்தேன்.

அந்தப் பிரிவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், எந்நேரம் செய்தி அனுப்பினாலும் ஒரு நிமிடத்துக்குள் பதில் அளித்துவிடுவார். அவருடைய ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் "எப்போதும் தொடர்பில் இருப்பவர்" என்று பாராட்டாகவே எழுதினேன், அதுவும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து. பிறகு அவர் வேலையை விட்டு விலகினார். காரணம் கேட்டபோது, எல்லோரும் சொல்வதுபோலக் குடும்பச் சூழல் என்றார். விலகும் முன், தமக்குப் பின் வருபவருக்காக ஒப்படைப்புப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். வேலை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஆகும் நேரம், கவனிக்க வேண்டியது என நான்கு கட்டங்கள். மொத்தம் 31 வரிகள். 13-ஆம் வரியில் விடுப்புக் கணக்கை வருகைப் பதிவுடன் ஒப்பிடுதல். 15-ஆம் வரியில் வங்கிக் கோப்பைச் சரிபார்த்தல். இரண்டுக்கும் இடையே, அதே எழுத்துருவில், அதே அளவில் இருந்த வரி இது: "பிரிவுத் தலைவரின் செய்திகளுக்கு விடை — தினமும், ஞாயிறு உட்பட — இரவு 10 முதல் 11.30 வரை." கவனிக்க வேண்டியது என்ற கட்டத்தில், "பார்த்தவுடன் விடை அளித்துவிட்டால் இரண்டாவது செய்தி வராது" என்று எழுதியிருந்தார்.

குத்தலாக எழுதியிருக்கிறாரோ என்று பலமுறை படித்துப் பார்த்தேன். இல்லை. அவர் அப்படிப்பட்டவரும் அல்லர். 31 வேலைகளில் அதுவும் ஒன்று என்றே பதிவு செய்திருந்தார். அடுத்து வருபவர் என்னைச் சமாளிக்க ஒரு குறிப்பும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், அவ்வளவுதான். "அவசரம் இல்லை" என்று நான் எழுதிய நூற்றுக்கணக்கான வரிகளில் ஒன்றைக்கூட அவர் நம்பியிருக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. மேலாளர் "அவசரம் இல்லை" என்று சொல்வதை எந்த ஊழியரும் நம்புவதில்லை. நானும் என் மேலாளர் சொன்னபோது நம்பியதில்லை. ஆனால் அது என் நினைவுக்கே வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த முதல் மாற்றம் படுதோல்வி அடைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரவில் எழுதும் செய்திகளை மின்னஞ்சலாக மாற்றி, காலை 9 மணிக்குத் தானாகப் போகுமாறு நேரம் குறித்து வைத்தேன். விளைவாக, கணினியைத் திறந்ததும் ஒவ்வொருவருக்கும் ஏழெட்டு மின்னஞ்சல்கள் ஒரே நொடியில் வந்து விழுந்தன. இரவில் இருந்த சுமை காலைக்கு இடம் மாறியதே தவிர, குறையவில்லை. பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் படுக்கையருகே வைத்தேன். இரவில் தோன்றுவதை அதில் எழுதினேன். காலை 9.30-க்குப் பத்து நிமிடம் அனைவரும் நின்றபடியே பேசுவோம். அப்போது அந்தப் பக்கத்தைப் படிப்பேன். இரவில் மலைபோலத் தெரிந்தவற்றில் ஏறத்தாழப் பாதியை, காலையில் யாரிடமும் சொல்லாமல் நானே அடித்துவிட நேர்ந்தது.

கூடவே ஒரு விதியும் வகுத்தோம். மாலை 6.30-க்குப் பிறகு எழுத்தில் எதுவும் அனுப்பக் கூடாது. உண்மையிலேயே அவசரம் என்றால் தொலைபேசியில் அழைக்க வேண்டும். செய்தி அனுப்புவதற்கு அனுப்புகிறவனுக்கு எந்தச் செலவும் இல்லை. அழைப்பதென்றால் ஒருவருடைய வீட்டு மாலையில் குறுக்கிடுகிறோம் என்ற கூச்சத்தை அழைப்பவன் சுமந்தாக வேண்டும். முதல் ஆறு மாதங்களில் நான் நான்கு முறை அழைத்தேன்; அவற்றில் இரண்டு மறுநாள் வரை காத்திருக்கக்கூடியவைதான்.

இதைவிடப் பெரிய பலன் தந்தது கட்-ஆஃப் தேதியை நாங்கள் கையாண்ட விதம். அதுவரை, தாமதமாக வரும் திருத்தத்தை ஏற்பதா மறுப்பதா என்று நான்தான் முடிவு செய்வேன், எப்போதும் ஏற்பேன், அதைச் செய்து முடிப்பவர் இரவு வரை உட்கார்ந்திருப்பார். இப்போது அந்த முடிவு, அந்த நிறுவனத்தின் கணக்கைக் கையாள்பவரிடமே இருக்கிறது. சம்பளம் குறையும் என்றால் ஏற்கலாம். மற்றவை அடுத்த மாதம் என்று அவரே எழுதிவிடலாம். என்னிடம் முறையீடு வந்தால் நான் அவர் பக்கம் நிற்பேன் என்பது உடன்பாடு. வேலை குறைந்ததா என்றால், இல்லை. மாதக் கடைசி இன்றும் மாதக் கடைசிதான். ஆனால் "இன்று எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்?" என்று கேட்டால், எட்டு மணியோ ஒன்பது மணியோ, எல்லோராலும் ஒரு நேரத்தைச் சொல்ல முடிகிறது. முன்பு அந்தக் கேள்விக்குச் சிரிப்புதான் விடையாகக் கிடைக்கும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ராபர்ட் காரசெக் என்ற சமூகவியலாளர் 1979-இலேயே எழுதிவிட்டார்: வேலையின் அழுத்தம் மட்டும் மனிதனை வாட்டுவதில்லை, அழுத்தம் மிகுந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை குறைவாக இருக்கும் நிலைதான் வாட்டுகிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்ற பொதுநம்பிக்கைக்கு மாறாக, படிநிலையில் கீழே இருந்தவர்களே இதயநோயால் கூடுதலாக இறந்தார்கள். 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தம் வேலைமீது கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக இருந்ததை மைக்கேல் மார்மட் குழுவினர் கண்டார்கள். இவற்றையெல்லாம் 14-ஆம் வரியைப் பார்த்த பிறகுதான் தேடிப் படித்தேன். முன்பே படித்திருந்தாலும், அது வேறு யாரோ ஒரு மேலாளரைப் பற்றியது என்றே நினைத்திருப்பேன்.

"உங்களுக்கு அதிகாரம் இருந்தது, செய்தீர்கள், எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் குழுவில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். "மருத்துவமனையிலும் மின்நிலையத்திலும் 6.30-க்குக் கதவை மூட முடியுமா?" என்றும் கேட்பார்கள். முடியாது. ஆனால் அங்கே இரவுப் பணிக்கு ஷிப்ட் இருக்கிறது, யாருடைய முறை என்று பட்டியல் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இருந்தது பட்டியலில் இல்லாத இரவுப் பணி. பிரான்சில் 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள், பணி நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களுடன் பேச்சு நடத்த வேண்டும் என்ற சட்டம் 2017 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே வேலைகள் நின்றுபோய்விடவில்லை.

மூச்சுப்பயிற்சிக்கு நான் எதிரி அல்லன். தினமும் காலையில் நடப்பவன்தான். என் மனக்குறை வேறு. எங்கள் மனிதவளத் துறை ஒருமுறை மன அழுத்தம் குறைக்கும் பயிற்சியை மாதத்தின் 29-ஆம் தேதி மாலை 4 மணிக்கு வைத்தது. வருகை கட்டாயம், கையெழுத்துத் தாள் உண்டு. கண்களை மூடுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னபோது என் பிரிவினரில் மூவர் மடிக்கணினியை மடியில் திறந்து வைத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தை ஈடுகட்ட, அன்று எல்லோரும் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினார்கள். பங்கேற்பு 100 விழுக்காடு என்று பிறகு அறிக்கை வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிவில் ஒருவரின் இருக்கை குளிர்சாதனக் காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே இருக்கிறது. காற்றின் திசையை மாற்றித் தருமாறு மூன்று முறை எழுதிக் கொடுத்தார், பதில் இல்லை. கடைசியில் ஒரு நாற்காலிமேல் ஏறி, பழைய கோப்பு அட்டை ஒன்றை டேப் போட்டுத் துவாரத்தின் பாதியில் ஒட்டிவிட்டார். அதே வாரம் அவருடைய மேசைக்குப் பின்னால், நலமான ஊழியரே நிறுவனத்தின் சொத்து என்ற பொருளில் ஒரு சுவரொட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். ஏணியோடுதான் வந்தார்கள்.

பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்த வில்லியம் ஃப்ளெமிங்கின் கட்டுரை 2024-இல் வெளியானது. மனத்திண்மைப் பயிற்சி, நலச் செயலி போன்றவற்றில் பங்கேற்றவர்கள், பங்கேற்காதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. தொண்டுப் பணி மட்டும் விதிவிலக்கு. அது ஒரே காலகட்டத்தில் இருவகையினரையும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால், அதை வைத்து இறுதித் தீர்ப்பு எழுதிவிட முடியாது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்-அவுட், அதாவது வேலையால் முற்றிலும் சோர்ந்துபோகும் நிலை, என்பதை விளக்கியபோது, அது நோய் அல்ல, பணியிடத்தில் சரிவரக் கையாளப்படாத நீடித்த அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. கோளாறு பணியிடத்தில் இருக்க, பயிற்சியை ஊழியருக்கு மட்டும் கொடுப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

ஆகவே உங்கள் குழு கருத்துக்கணிப்புப் படிவத்துடன் தொடங்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. "மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா, 1 முதல் 5 வரை" என்று கேட்டால் எல்லோரும் 4 போடுவார்கள். 2 போட்டால் யார் என்று தேடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, நாளையே விலகுவதாக நினைத்துக்கொண்டு ஓர் ஒப்படைப்புப் பட்டியல் எழுதித் தருமாறு ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், பெயர் வேண்டாம். பணி விவரத்தில் இல்லாத வேலைகளையும், அவற்றுக்கு ஆகும் நேரத்தையும், முக்கியமாகக் கவனிக்க வேண்டியது என்ற கட்டத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். மனிதர்கள் தம் மனநிலையைப் பற்றிப் பொய் சொல்வார்கள். வேலையைப் பற்றி எழுதும்போது அவ்வளவாகச் சொல்வதில்லை. எங்கள் பிரிவில் இதைச் செய்தபோது, ஒரே எண்ணை மூன்று பேர் மூன்று கோப்புகளில் கையால் தட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. மதிய இடைவேளையில் தொலைபேசியை எடுப்பதற்கென்று ஒருவர் தினமும் இருக்கையிலேயே இருந்துவிடுகிறார் என்பதும், அவரை அப்படி யாரும் கேட்டுக்கொண்டதில்லை என்பதும் தெரியவந்தன. இரண்டையும் ஒரே வாரத்தில் சரிசெய்ய முடிந்தது. ஒரு காசு செலவில்லை.

பட்டியல்கள் வந்ததும் மேலாளர்களிடம் கொடுப்பதற்கு முன் குழுவே உட்கார்ந்து படியுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் எழுத்து நடையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடும் மேலாளர்கள் உண்டு; நானும் அப்படிப்பட்டவனாகத்தான் இருந்தேன். வரிகளை வேலை வாரியாகப் பிரித்துத் தொகுத்த பிறகு, எந்த வேலையை நிறுத்த வேண்டும், எதை எப்போது செய்வது என்று யார் முடிவெடுப்பது என்ற இரண்டை மட்டும் நிர்வாகத்திடம் கேளுங்கள். இடவசதி, வெளிச்சம், காற்று பற்றிய வரிகளைத் தனியே எடுத்து, யார் எந்தத் தேதிக்குள் செய்வார் என்று எழுதி வாங்கிவிடுங்கள். நான் அதை எழுதி வாங்கவில்லை. அந்தக் கோப்பு அட்டை இன்றும் துவாரத்தில்தான் ஒட்டியிருக்கிறது; சென்ற மாதம் டேப்பை மட்டும் மாற்றினோம்.