16 வயதுத் தம்பியை மூன்று மாத இலவசப் பயிற்சியில் சேர்க்கலாமா, ஐடிஐ-யில் சேர்க்கலாமா?

ஐடிஐ-யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேருங்கள். இரண்டிலும் படித்தவள் என்பதால் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடித்த தம்பிக்கு மேற்கொண்டு படிப்பில் நாட்டமில்லை, சென்னையில் "மூன்று மாதத்தில் வேலை உறுதி" என்று ஒரு மையம் அழைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு நிலைமையை நீங்கள் எழுதவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் சம்பளம் என்றதும் உங்கள் அம்மாவின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் மாறியது.

நாங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் இருந்தவர்கள். வீட்டை இடித்து எங்களைக் கண்ணகி நகருக்கு, எங்களைப் போல அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய சென்னைப் புறநகர்க் குடியிருப்புக்கு, அனுப்பினார்கள். அம்மா வேலை பார்த்த வீடுகள் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்துக்குப் போய்விட்டன. பிளஸ் ஒன் பாதியில் நான் நின்றுவிட்டேன். 2017 தொடக்கத்தில் தெருவில் நோட்டீஸ் கொடுத்தார்கள்: மத்திய அரசின் கௌஷல் விகாஸ் (திறன் மேம்பாட்டு) திட்டத்தில் சில்லறை விற்பனைப் பயிற்சி, சீருடை, பை, சான்றிதழ், வேலை. எனக்கு அப்போது 17 வயது.

பயிற்சியில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். ரசீது போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் பத்து வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சொல்லிக்கொடுத்த அக்கா நல்லவர். அவருக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று பிறகுதான் தெரிந்தது. கடைசி வாரம் வேலைக்கான விண்ணப்பத்தை நிரப்பும்போது மையத்தின் பொறுப்பாளர் வந்து, "முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதாதே, வேறு எங்காவது சொந்தக்காரர் இல்லையா?" என்று கேட்டார். அந்தப் பெயரைப் பார்த்தால் வேலை தரத் தயங்குவார்கள் என்று புரிந்தது. சைதாப்பேட்டை அத்தை வீட்டு முகவரியை எழுதினேன். அன்று இரவு அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தம்பி விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொல்லலாம். இருந்தாலும் எழுதுகிறேன். 2025-இல் எங்கள் பகுதிப் பெண் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்று திரும்பியபோது, எல்லோரும் "கண்ணகி நகர் கார்த்திகா" என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்தப் பெயரைத்தான் எங்களைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்கள் விண்ணப்பங்களில் மறைத்திருக்கிறோம்.

வேலை கிடைத்தது, ஒரு பெரிய துணிக்கடையில். காலை ஒன்பதரைக்கு நுழைந்தால் இரவு ஒன்பதரை வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 2021-இல்தான் வந்தது. நான் நின்றது அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. கால் வீங்கி 41-ஆம் நாள் நின்றுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மையத்திலிருந்து போன் வந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதம் வேலையில் இருந்ததாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டார்கள்.

ஏன் என்று அப்போது புரியவில்லை. அந்த நாளில் இருந்த விதிப்படி, பயிற்சிக்கான பணம் மையத்துக்கு மூன்று தவணையாக வரும்: தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் கொடுத்ததும் 50, வேலையில் சேர்த்த பிறகு 20. அதாவது நான் வேலையில் நிலைப்பதற்கு முன்பே பணத்தில் பெரும்பகுதி வந்து சேர்ந்துவிடும். மிச்சம் இருந்த 20-க்குத்தான் என் கையெழுத்து தேவைப்பட்டது.

இலவசப் பயிற்சிகள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. என்னோடு படித்த ஒருத்தி அதே சான்றிதழோடு இன்று ஒரு கடையில் கிளைப் பொறுப்பாளராக இருக்கிறாள். அவள் சேரும்போது 22 வயது, பட்டம் முடித்தவள். ஏற்கெனவே காலூன்றி நிற்கிறவருக்கு அது ஒரு படி. உங்கள் தம்பியின் கதை வேறு. 16 வயதுப் பிள்ளை மூன்று மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தாலும் அவனுக்கு 16 வயதுதான். 18 நிறையாதவரைத் தொழிற்சாலையில் வயது வந்தவர் போல வேலை வாங்க வேண்டுமானால் 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948 மருத்துவரின் தகுதிச் சான்று கேட்டது. 18 நிறையாதவரை எடுக்கும் அலைச்சலை எந்த நிறுவனம் ஏற்கும்? அதனால் அவனுக்கு மிஞ்சுவது கடையும் கிடங்கும்தான். ஐடிஐ-யில் பிட்டர் (இயந்திரப் பாகங்களைச் செதுக்கிப் பொருத்தும் வேலை), எலக்ட்ரீசியன் போன்ற இரண்டாண்டுப் பிரிவில் சேர்ந்தால், முடிக்கும்போது 18 ஆகிவிடும், கையில் தொழிலும் இருக்கும்.

நான் அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு ஐடிஐ-யில் பிட்டர் பிரிவில் சேர்ந்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு இரும்பு வேலையா என்று தெருவே கேட்டது. முதல் ஒன்றரை மாதம் அரம் மட்டும்தான். ஒரு இரும்புத் துண்டை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) இறுக்கி, நான்கு பக்கமும் சமமாக வரும்வரை தேய்க்க வேண்டும். சார் மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் ஒன்றும் பேசாமல் திருப்பித் தருவார். பதினோரு முறை திருப்பித் தந்தார். பன்னிரண்டாவது முறை வெளிச்சம் தெரியவில்லை. அந்தத் துண்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்த பத்து வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். மாத உதவித்தொகைக்காக ஒரு வங்கியில் கணக்குத் திறக்கச் சொன்னார்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதிலிருந்தே அபராதம் பிடித்தார்கள். ஜன்தன் கணக்கு 2014-லேயே வந்துவிட்டது. அதில் இருப்பு வைக்கத் தேவையில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் அதைச் சொல்லவே இல்லை. ஏழைப் பிள்ளையின் பணத்தில் பிடித்த அபராதத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. உங்கள் தம்பிக்கு இருப்பு வைக்கத் தேவையில்லாத கணக்கு வேண்டும் என்று நீங்களே கேட்டுத் திறந்துகொடுங்கள்.

2019-இல் முடித்து, ஓராண்டு அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) இருந்து, இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். அப்ரண்டிஸ் விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்றே எழுதினேன்.

இரண்டு ஆண்டு சம்பளம் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை; பஸ் பாஸும் உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவனுக்கு வருமா என்று சேரும்போதே விசாரியுங்கள். வீட்டுச் செலவுக்கு இது போதாது, மறுக்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போனேன்.

சேர்ப்பதற்கு முன் தம்பியை அழைத்துப்போய்ப் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். லேத் (கடைசல் இயந்திரம்) மேல் எண்ணெய் படிந்திருந்தால் அது ஓடுகிறது. தூசி படிந்திருந்தால், எவ்வளவு பெரிய கட்டடமானாலும் வேறு இடம் தேடுங்கள். சேர்ந்த முதல் மாதம் கையில் கொப்புளம் வந்து, "நான் போகமாட்டேன்" என்று நிற்பான். தேங்காய் எண்ணெய் தடவி மறுநாள் அனுப்பிவையுங்கள்.