குளிர்காலத்தில் வலசை வந்து, ஜூன் மாதத்திலும் கோடியக்கரையில் நிற்கும் உள்ளான் பறவைகள் ஏன் அங்கே கூடு கட்டுவதில்லை?

அவற்றில் பெரும்பாலானவை, வடக்கே திரும்பாமல் தங்கிவிட்ட இளம் பறவைகள். அவற்றில் ஒரு வகையான வளைந்த அலகுள்ள உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடித் தூந்திரப் பகுதியில். பனி உருகிப் பூச்சிகள் பெருகும் சில வாரங்களில்தான் அங்கே குஞ்சுகள் பிழைக்கும். பிறந்து ஓராண்டுகூட நிறையாத பறவைக்கு அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பயணம் பெரும் ஆபத்து. போய்ச் சேர்ந்தாலும் அதற்கு இணை சேரும் வயது பெரும்பாலும் வந்திருக்காது. அதனால் சேற்றில் புழு தேடி வளர்வதே அதற்கு லாபம். கூடு இல்லை என்பதற்காக அந்தச் சேற்றுவெளியை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம்!

தொலைநோக்கியில் மார்பைப் பாருங்கள். முதிர்ந்த பறவைக்கு ஏப்ரல், மே மாதங்களில் அது செங்கல் நிறமாக மாறும். தங்கிவிட்ட இளசுகளுக்குப் பெரும்பாலும் வெளிறியே இருக்கும். காயம்பட்ட, நோயுற்ற முதிர்ந்த பறவைகளும் சில நேரம் அந்தக் கூட்டத்தில் நிற்கும்.