மோட்டரை மாற்றுமுன் சாம்பலைத் தட்டுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை அடுப்புப் புளோவர் (மோட்டரால் காற்றை ஓட்டும் விசிறி) பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகத் தருகிறோம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகனின் வீட்டில் குளிருக்குப் பெலட் அடுப்பு வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளாக இரைச்சல் போடுகிறது. நெருப்பு மஞ்சளாகச் சோர்ந்து எரிகிறது, கண்ணாடியும் கறுத்துப்போகிறது. நான் இங்கே மோட்டர் வைண்டிங் செய்பவன். வீடியோவில் பார்த்து அவருக்கு வழி சொல்லலாம் என்றிருக்கிறேன். புளோவரை மாற்றத்தான் வேண்டுமா?
– களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் காற்றுக் குறைவைக் காட்டுகின்றன. காற்றுக் குறைய மோட்டர்தான் காரணம் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

பெலட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, 6 மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள சிறு குச்சி. அதை எரிக்கும் அடுப்பில் பொதுவாக மூன்று மோட்டர்கள் உண்டு. ஒன்று, நிமிடத்துக்குச் சில சுற்று மட்டும் சுற்றி, திருகுதண்டால் பெலட்டை நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளுவது. இரண்டாவது புகைப் புளோவர். கிண்ணத்தின் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, புகையைக் குழாயால் வெளியே தள்ளுவது இதுதான். அடுப்பின் உள்ளறையில் அமுக்கம் வீட்டு அமுக்கத்தை விடக் குறைவாக இருப்பதும் இதனால்தான். அதனால்தான் புகை வீட்டுக்குள் வருவதில்லை. மூன்றாவது அறைக்காற்றுப் புளோவர். சூடான குழாய்களின் மேலால் அறைக் காற்றை ஓட்டிவிடும், புகையோடு அதற்குத் தொடர்பில்லை. மகன் வீட்டில் சந்தேகப்பட வேண்டியது இரண்டாவதை.

முதலில் பிளக்கைக் கழற்றி அடுப்பை நன்றாக ஆறவிடச் சொல்லுங்கள். சாம்பலுக்குள் தணல் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். பிறகு கிண்ணத்தின் துளைகள், அடுப்பின் பின்சுவருக்கு அப்பால் உள்ள சாம்பல் வழிகள், வெளிக்குழாயின் வாய் ஆகியவற்றைத் துப்புரவாக்க வேண்டும். கதவில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பார்க்கட்டும். தடையின்றி வந்துவிட்டால் கதவின் ஓரத்தில் காற்றை அடைக்கும் கயிறு தேய்ந்துவிட்டது. காற்று கிண்ணத்துக்குப் போகாமல் அந்த வழியால் போகிறது. இந்த நாலில் ஒன்று சரியில்லாவிட்டாலும் புது மோட்டர் போட்டுப் பயனில்லை.

இரைச்சலுக்கு, புளோவரைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரத்தால் பெயரிங் போய்விட்டது. சாஃப்டை, அதாவது சுழலும் தண்டை, பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தாலும் அதுவே. கையால் சுற்ற வழுக்கிக்கொண்டு ஓடி, மின்சாரம் கொடுத்தால் மட்டும் அதிர்ந்தால், இறக்கைகளில் சாம்பல் ஒருபக்கமாகப் படிந்து சமநிலை கெட்டிருக்கும். அதற்குத் தூரிகை போதும்.

வைண்டிங்கை அளப்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: இவற்றில் பெரும்பாலானவை துருவத்தில் செப்பு வளையம் போட்ட சிறு மோட்டர்கள். கப்பாசிற்றர் இருக்காது, அதைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். அரைமணி ஓடி நின்று, ஆறியதும் மறுபடி ஓடினால் உள்ளே இருக்கும் வெப்பக் காப்புச் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டுகிறது. காரணம் பெரும்பாலும் இறுகிய பெயரிங்.

கழற்றும் முறை இது. வயர்களைப் படம் எடுத்து அடையாளம் இட வேண்டும். பல மாதிரிகளில் மோட்டரைத் தாங்கும் தகட்டைச் சுற்றி ஆறு ஸ்குரூ வரும். அவற்றைக் கழற்றினால், கூடு அடுப்பிலேயே இருக்க, மோட்டரும் இறக்கைச் சக்கரமும் சேர்ந்து நேராக வெளியே வரும். அப்போது தகட்டின் இடைவெளியை அடைக்கும் காஸ்கட் கிழிந்துவிடும். ஆகவே புதுக் காஸ்கட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டுதான் ஸ்குரூவில் கைவைக்க வேண்டும். பழையதை ஒட்டிப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. சக்கரத்தை மென்தூரிகையால் தட்டலாம், இறக்கையை வளைக்கக் கூடாது, அதில் செருகியிருக்கும் சிறு எடைக் கிளிப்பையும் கழற்றக் கூடாது. கூட்டுக்குள் இருக்கும் சாம்பலை உறிஞ்சச் சாதாரண வீட்டு வக்யூம் உதவாது. நுண் சாம்பல் அதன் பையைத் தாண்டி அறைக்குள் வரும், தணல் இருந்தால் பையே பற்றிக்கொள்ளும். சாம்பலுக்கென்று தனி வக்யூம் உண்டு.

சக்கரத்தைச் சாஃப்டில் இருந்து எடுக்க அலன் ஸ்குரூவோ நட்டோ இருக்கும். சில மாதிரிகளில் நட் இடப்புரி. வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும். முரண்டு பிடித்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடட்டும். பெயரிங்கை மட்டும் மாற்றுவதானால் அதில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர். உயர்வெப்பக் கிறீஸ் அடைத்ததாகப் பாருங்கள்.

முழு மோட்டரையும் மாற்றுவதானால் வோல்ற், ஹேர்ட்ஸ், அம்பியர், சுற்று வேகம், சாஃப்டின் தடிப்பும் நீளமும், ஸ்குரூத் துளைகளின் இடைவெளி, சுற்றும் திசை அத்தனையும் பொருந்த வேண்டும். திசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இவ்வகை மோட்டரில் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தாலும் திசை மாறாது. செப்பு வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தத் திசையில்தான் சுற்றும்.

பூட்டிய பின் அடுப்பை ஓடவிட்டு, காஸ்கட்டின் ஓரத்திலும் குழாய் மூட்டுகளிலும் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்க்கட்டும். புகை ஒரு பக்கம் இழுபட்டாலோ விலகி ஓடினாலோ அங்கே கசிவு. புளோவருக்குப் பின்னால் உள்ள குழாய்க்குள் அமுக்கம் கூடுதல் என்பதால், அங்கே கசிந்தால் காபன் மொனொக்சைட்டு வீட்டுக்குள் வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அதை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி அந்த வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, ஒரு தொன், அதாவது 40 இறாத்தல் மூடை ஐம்பது எரித்ததும் புளோவரை வெளியே எடுத்துத் துப்புரவாக்குவது நல்ல கணக்கு. குளிர்காலம் முடிந்ததும் கட்டாயம் ஒருமுறை. கோடை முழுதும் கிடக்கும் சாம்பல் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும்.

கேள்வி: அப்படிக் கழற்றிய பழைய புளோவரை ஊருக்குக் கொண்டுவந்து உமி அடுப்புக்குப் பூட்டலாமா?
– நிந்தவூர் வாசகர்

பதில்: நேரே நமது 230 வோல்ற்றில் கொடுத்தால் சில நிமிடத்தில் எரிந்துவிடும். அது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் மோட்டர். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் குறைக்கும். ஹேர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். அதனால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், 3000 சுற்று ஓடியது ஏறத்தாழ 2500 ஓடும். 50 ஹேர்ட்ஸில் 120 வோல்ற்றையே கொடுத்தால் இரும்புக் கருவும் கூடுதலாகச் சூடேறும். 100 வோல்ற் தரும் ட்ரான்ஸ்போமர் கையில் இருந்தால் ஓட்டலாம். அதை விலைக்கு வாங்கித்தான் ஓட்ட வேண்டுமானால், இங்கே கிடைக்கும் 230 வோல்ற் புளோவரையே வாங்குங்கள்.

கேள்வி: உமி அடுப்பில் 12 வோல்ற் புளோவர். புதுப் பட்டரி போட்ட நாளில் இருந்து காற்று வருகிறது, நெருப்புத்தான் ஏறவில்லை. உமியும் நன்றாகக் காய்ந்ததுதான்.
– சம்மாந்துறை வாசகி

பதில்: பட்டரியின் பிளஸ், மைனஸ் வயர்கள் மாறியிருக்கின்றன. கரித்துண்டு (காபன் பிறஷ்) வைத்த நேரோட்ட மோட்டர் அப்படிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும். நத்தை வடிவக் கூட்டுப் புளோவர் எதிராகச் சுற்றினாலும் காற்று அதே வாயால்தான் வரும், ஆனால் பலமிராது. அதனால்தான் பார்த்ததும் கண்டுபிடிக்க முடிவதில்லை. கூட்டின் மேல் அம்புக்குறி இருக்கும். சக்கரம் நிற்கப்போகும் கடைசிச் சுற்றைப் பார்த்து ஒப்பிடுங்கள். கணினியில் வரும் விசிறி என்றால் பிழையாகக் கொடுக்கும்போது சுற்றவே சுற்றாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உமி எரிந்தால் அதன் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. மணலைப் போல் உராய்ந்து, சாஃப்டைத் தாங்கும் புஷ்ஷைத் தின்றுவிடும். புளோவரை அடுப்போடு ஒட்டி வைக்காமல் இரண்டு அடி இரும்புக் குழாயால் தள்ளி வையுங்கள். சமையல் முடிந்தவுடன் சுவிட்சை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் சூடும் புகையும் பின்னோக்கி வந்து, இறக்கைகளில் கீலாகப் படியும். நெருப்பு அடங்கும் வரை மெதுவாக ஓடவிடுங்கள், அல்லது நிறுத்தியதும் குழாயைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மாரி முடிந்து எடுத்துப் பார்த்தால் புளோவர் சுற்றவில்லை, உறுமுகிறது. தேங்காயெண்ணெய் விட்டும் பார்த்தேன்.
– கல்லடி வாசகி

பதில்: உறுமும் மோட்டரைச் சுவிட்சில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். சுற்றாத மோட்டர் மின்சாரத்தைக் கூடுதலாக இழுத்து வைண்டிங்கை எரிக்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் கல்லடியில் உப்புக்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து சாஃப்டைத் துருப்பிடிக்கச் செய்திருக்கும்.

பிளக்கைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் கையால் இரு பக்கமும் மெல்ல அசையுங்கள். இளகியதும் பழைய பிசுக்கைத் துடைத்துவிட்டு, புஷ்ஷைச் சுற்றியுள்ள கம்பளி வளையத்தில் தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தேங்காயெண்ணெய் நாட்பட்டால் பிசினாகி இறுகும், ஆகவே மறுபடி வேண்டாம். துரு இளக்கும் எண்ணெயும் தனியே போதாது, அது விரைவில் காய்ந்துவிடும். பெயரிங் போட்ட மூடிய மோட்டரென்றால் எண்ணெயே விடக் கூடாது.

மின்சாரம் கொடுக்குமுன் ஈரத்தைப் போக்க வேண்டும். ஒரு பெட்டிக்குள் 60 வோற்ஸ் குண்டு பல்ப்பை எரியவிட்டு, மோட்டரை ஒரு பகல் வையுங்கள். வைண்டிங் கடையில் 500 வோல்ற் மெகரால் (மின்காப்பை அளக்கும் கருவி) அளந்து, வைண்டிங்குக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 1 மெகாஓம் இருந்தால் ஓட்டலாம். அடுத்த மாரியில் பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டாம், ஈரம் உள்ளே தங்கிவிடும். கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டாலே போதும்.

கேள்வி: இரும்புப் பட்டறைப் புளோவரில் தீப்பொறி பறக்கிறது, மணமும் வருகிறது.
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: கரித்துண்டுகளைப் பாருங்கள். புதிதில் இருந்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பின்னால் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும். அவை உரசும் செப்பு உருளை கறுத்திருந்தால் மிக நுண்ணிய மணற்கடதாசியால் துடைக்கலாம், எமரி வேண்டாம். அதன் துகள் மின்கடத்தி, செப்புப் பட்டைகளுக்கு நடுவில் சிக்கினால் குறுக்கோட்டம் உண்டாகும். உருளை பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டும். புதுக் கரித்துண்டு போட்டதும் பதினைந்து நிமிடம் சுமையில்லாமல் ஓடவிடுங்கள். முதலில் சிறு பொறி தெரியும். கரி உருளையின் வளைவுக்குப் பழகப் பழகக் குறையும். அதற்குப் பின்னும் உருளையைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால் ஆமேச்சரில், அதாவது சுழலும் பகுதியில், ஒரு சுருள் போய்விட்டது, வைண்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.