கொர்பான் பணத்தில் விளக்கவுரையா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமச் சபையில் உபதேசியாராக இருக்கிறேன். பிரசங்கம் தயாரிக்கச் சனிக்கிழமை ராத்திரிதான் நேரம் கிடைக்கிறது. வேதாகமம் முழுவதற்கும் நல்ல விளக்கவுரைத் தொகுதி ஒன்று வாங்க ஆசை. கையில் 15,000 ரூபாய் உண்டு. அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கு வைத்திருந்தது; ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், நீ புஸ்தகம் வாங்கு’ என்று அம்மாவே சொல்லிவிட்டார்கள். பாவம், இப்போதெல்லாம் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள். வாலிபப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எந்தத் தொகுதி நல்லது?
பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, விளக்கவுரை கேட்டு எனக்கு நிறையப் பேர் எழுதுகிறார்கள். பெற்ற தாயின் கண்ணை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டுக் கேட்டது நீ ஒருவன்தான். அதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறாய்.

அம்மாவே சொன்னார்களாம். எந்த அம்மா சொல்லமாட்டாள்? பழைய சோறே போதும் என்றும்தான் சொல்வாள், நம்பிவிடுவாயா? உன் அம்மாவுக்குக் கீர்த்தனைகள் மனப்பாடம். புத்தகம் கையில் இருந்தால் பார்வை போனது வெளியே தெரியாது என்று அந்த மனுஷி நினைத்திருக்கிறார். பிள்ளைகள் சிரித்ததை முன்னால் நின்று பார்த்தாயே, இறங்கிப் போய் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயா? உன் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

விளக்கவுரையைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கடினமான பகுதி ஒன்றை எடுத்து, வாங்க நினைக்கிற ஒவ்வொரு புத்தகத்திலும் அதைப் புரட்டிப் பார். நீ மாற்கு 7:11-ஐ எடு. தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் மகனுக்குக் கடமை தீர்ந்தது என்றவர்களை இயேசு வாங்கு வாங்கென்று வாங்குகிற இடம். அந்த நேர்ச்சை எப்படி நடந்தது, மாற்கு ஏன் அந்தச் சொல்லையும் வைத்து அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்கிறார் என்று விளக்குகிற புத்தகம் உதவும். பெற்றோரைக் கனம்பண்ணுங்கள் என்று நாலு வரி எழுதிவிட்டு நழுவுகிற புத்தகம் கடையிலேயே இருக்கட்டும்.

தொகுதியாக வாங்காதே. வேதாகமம் முழுவதற்கும் விளக்கவுரை எழுதப் புறப்பட்ட இங்கிலாந்துப் போதகர் மத்தேயு ஹென்றி 1714-ல் இறந்தபோது புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் வரைதான் முடித்திருந்தார். ரோமரிலிருந்து மற்றப் போதகர்கள் எழுதிச் சேர்த்தது. சபைச் சீர்திருத்தவாதி கால்வின் வெளிப்படுத்தலுக்கு எழுதவே இல்லை. இந்த இருவரும் ஆங்கிலத்தில் போனிலேயே காசில்லாமல் கிடைக்கிறார்கள். ஸ்காட்லாந்து விளக்கவுரையாளர் வில்லியம் பார்க்லே கிரேக்கச் சொற்களையும் அந்தக் கால வாழ்க்கையையும் அழகாகச் சொல்வார். அற்புதங்கள் வருகிற இடத்தில் மட்டும் கவனமாக வாசி. மாற்குவில் பிரசங்கிக்கிறாயா, மாற்குவுக்கு ஒரே ஒரு நல்ல புத்தகம் போதும். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே நூலகத்தில் உட்கார்ந்து வாசிக்க அனுமதி கேட்டுப் பார்.

அதற்கும் முன்னால், நம் பழைய மொழிபெயர்ப்பையும் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்து வாசி. இரண்டும் எங்கே முட்டிக்கொள்கிறதோ அங்கேதான் உனக்கு விளக்கவுரை தேவை. இதைத் திங்கட்கிழமையே தொடங்கு. சனிக்கிழமை ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எந்தப் புத்தகமும் உன்னைக் காப்பாற்றாது.

அந்த 15,000 அம்மாவுடையது. செவ்வாய்க்கிழமை அவர்களை மதுரைக்குப் பஸ் ஏற்று. அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது. காசு கட்டியும் பார்க்கலாம், இலவசமாகவும் பார்க்கலாம். மீதி இருந்தால், அதுவும் அம்மா கையில் கொடுத்து, பிறகு புத்தகத்துக்குக் கேள்.

ஆபரேஷன் முடிந்தபின் சொட்டு மருந்தை நீயே விடு. மனைவி தலையில் கட்டாதே. அந்த ஞாயிறு பிரசங்கத்துக்குப் பக்கத்துச் சபையில் யாரையாவது இப்போதே சொல்லி வை.