திங்கட்கிழமை அரண்மனைக்குப் போகாதீர்கள்

குமரி மாவட்டச் சுற்றுலா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஞாயிறு காலை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறோம். திங்கள் இரவு திரும்ப வேண்டும். முதல் நாள் விவேகானந்தர் பாறை, மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனை என்று வைத்திருக்கிறோம். சரிதானே?
– வாசகி, தாம்பரம்

தலைகீழாக மாற்றுங்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்க மாட்டார்கள். 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் திருவிதாங்கூர் மன்னர்களின் இந்த அரண்மனை மட்டும் கேரளத்தின் வசம் நின்றுவிட்டது. இன்றும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறைதான். ஞாயிறு அன்று படகுத்துறை வரிசையும் நீளம். ஆகவே ரயிலில் கன்னியாகுமரி வரை போகாமல் நாகர்கோவிலிலேயே இறங்கிக் குளித்துவிட்டு, தக்கலை பஸ் ஏறுங்கள். தக்கலையிலிருந்து அரண்மனை 2 கிலோமீட்டர், ஆட்டோ உண்டு. காலை 9 மணிக்குத் திறக்கும். 1 முதல் 2 வரை மதிய இடைவேளை. பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் பாதியில் வெளியே வர வேண்டியிருக்கும். நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும்.

அரண்மனையில் கூட்டத்தோடு போனால் எதுவும் மனதில் நிற்பதில்லை. அவசியம் நின்று பார்க்க வேண்டியவை எவை?
– வாசகர், ஈரோடு

தரையைப் பாருங்கள். கண்ணாடி போல முகம் தெரியும் அந்தக் கறுப்புத் தரை, சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, செடிச்சாறு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது என்கிறார்கள். பிறகு நிமிர்ந்து, மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்கள். கண்ணாடிக்குப் பதில் வண்ண மைக்காத் தகடுகள். வெயில் உள்ளே வரும்போது சூடு குறைந்து நிறம் மட்டும் விழும். அடுத்தது தாய்க் கொட்டாரம். வளாகத்தில் இதுதான் மூத்த கட்டடம்; இங்கே ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் நிற்கிறது. ஊட்டுப்புரை என்னும் உணவுக்கூடத்தில் ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர் வரை பந்தியில் உட்காரலாம். செருப்பை வாசலிலேயே விட வேண்டும். படிக்கட்டுகள் குறுகல், செங்குத்து, வாசல் நிலைகளோ தாழ்வு. முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளங்களை விட்டுவிடலாம், கீழேயே நிறைய இருக்கிறது.

அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி புலியூர்க்குறிச்சியில், நெடுஞ்சாலையோரம் உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சலில் டச்சுப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா தோற்கடித்தபோது பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய், பின்னர் அதே திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியானார். 1777-ல் இறந்த அவருடைய கல்லறை கோட்டைக்குள் இருக்கிறது. கல்வெட்டு தமிழிலும் லத்தீனிலும். குளச்சல் வெற்றித்தூணைப் பார்க்க அவ்வளவு தூரம் போகிறவர்கள், அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மே மாதம் வந்தோம். கடலில் இறங்கும் என்று காத்திருந்த சூரியன் கரைப்பக்கம் தென்னைகளுக்குப் பின்னால் போய்விட்டது. எல்லாம் வெறும் விளம்பரம்தானா?
– வாசகர், தர்மபுரி

விளம்பரம் பொய்யில்லை, மாதம் தவறு. முனையிலிருந்து கரை கோவளம், முட்டம், குளச்சல் என்று மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து போகிறது. மார்ச் கடைசிக்குப் பிறகு சூரியன் வடமேற்கில் இறங்குவதால் குறுக்கே நிலம் வந்துவிடும். அக்டோபர் பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை கடலிலேயே மறையும். அதிலும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மேகம். அதையடுத்துப் பொங்கல் வரை சபரிமலைக் கூட்டம். என்னைக் கேட்டால் ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும். உதயத்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம். மேகம் மறைக்காவிட்டால் வருடம் முழுவதும் கடலிலிருந்துதான்.

சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் ஏன் இத்தனை நெரிசல் என்று புரியவில்லை. சூரியன் இறங்க நிலா எழுவது எல்லாப் பௌர்ணமிக்கும் உள்ளதுதான். தை, மாசிப் பௌர்ணமிகளில் சூரியன் கடலிலேயே இறங்கும் என்பது கூடுதல் லாபம்.

போன முறை வள்ளுவர் சிலைக்குப் படகு விடவில்லை. அம்மாவுக்கு 70 வயது. இந்த முறையாவது பார்த்துவிடலாமா?
– வாசகி, கரூர்

பார்க்கலாம். சிலைப் பாறையைச் சுற்றி ஆழம் குறைவு, அடியில் பாறைகள். கடல் உள்வாங்கி நீர்மட்டம் தாழ்ந்தால் படகு அணைய முடியாது. அதனால்தான் விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடும் நாளிலும் சிலைக்கு நிறுத்திவிடுவார்கள். 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் இப்போது விவேகானந்தர் பாறையிலிருந்து சிலைப் பாறைக்கு நடந்தே போய்விடலாம். கடல் கொந்தளித்தால் மட்டும் படகே கிடையாது. அப்போது பாலமும் உதவாது. முதல் படகுக்கே வரிசையில் நில்லுங்கள். விவேகானந்தர் மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், பதினோரு மணிக்கு மேல் பாறை காலைச் சுடும். அம்மா சிலையின் பாதம் வரை படியேற வேண்டியதில்லை, கீழே நின்றாலே பீடத்தின் 38 அடி தெரியும்: அறத்துப்பாலின் 38 அதிகாரம். மேலே 95 அடிச் சிலை பொருளுக்கும் இன்பத்துக்கும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க எப்போது வரலாம்?
– வாசகர், மன்னார்குடி

கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல் சாகுபடிக்கு அணை திறந்திருக்கும் ஜூன் முதல் பிப்ரவரி வரை. மழை நாட்களில் இடையிடையே அடைப்பார்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம், 28 தூண்கள். தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் ஒடுங்கிய நடைபாதை. காற்று பலமாக அடிக்கும் இடம், குழந்தைகளின் கையை விடாதீர்கள். மேலே நடந்துவிட்டுத் திரும்பிவிடாமல் படியிறங்கி ஆற்றங்கரைக்கும் போய் அண்ணாந்து பாருங்கள். தூண்களின் உயரம் அங்கிருந்துதான் உறைக்கும். திற்பரப்பு அருவிக்கும் அதே நாளில் போகலாம். ஆனால் பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். மாற்றுத்துணியோடு கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.